பழைய கிட்டாரை மாற்றப் போகிறாயா? அக்கா சொல்வதைக் கேட்டுவிட்டுப் போ

போன வாரம் என் தங்கை ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணினாள். "அக்கா, கையில காசில்ல. கிட்டாரை எங்கயாவது அடகு வெச்சுட்டு அடுத்த மாசம் மீட்டுக்கட்டுமா?" புனேவுக்கு நான் வந்து 14 வருஷம் ஆகிறது. இதே கேள்வியை எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அடகு. அமெரிக்காவில் அடகுக் கடைச் சுவரில் கிட்டார் வரிசையாகத் தொங்கும். நம் ஊர் சேட்டுக் கடையானாலும் சரி, புனே பேட்டைகளில் இருக்கும் கடையானாலும் சரி, வாங்குவது தங்கமும் வெள்ளியும்தான். கிட்டாரைக் கொண்டுபோய் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதையும் மீறி ஒருவர், "வெச்சுட்டுப் போ, வட்டி மட்டும் கொடு" என்றால் உஷாராக இரு. மகாராஷ்டிராவில் வட்டிக்குக் கடன் கொடுக்க 2014-ம் வருஷச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸும் ரசீதும் இல்லாதவரிடம் பொருளை வைக்காதே. பணமுடை என்றால் விற்றுவிடு. நல்ல பழைய கிட்டார் பிறகும் கிடைக்கும்.

அடுத்தது எக்ஸ்சேஞ்ச். நான் ஏமாந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு கடையில் 10,000 ரூபாய் விலை ஒட்டிய கிட்டாரைக் காட்டி, "உங்க பழசுக்கு 2,000 தர்றோம், 8,000 கட்டுங்க" என்றார்கள். சந்தோஷமாகக் கட்டிவிட்டு வந்தேன். மறுவாரம் என் தோழி அதே கடையில், அதே மாடலை, பழசு எதுவும் கொடுக்காமல் 8,500-க்கு வாங்கி வந்தாள். அப்படியென்றால் என் கிட்டாருக்குக் கிடைத்தது வெறும் 500 ரூபாய். நான்கு வருஷம் என்னோடு இருந்த கிட்டார் அது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஆகவே, கடைக்குள் போகும்போது பழைய கிட்டாரைக் கையில் எடுத்துப் போகாதே. முதலில் புதுசின் விலையை மட்டும் பேசு. "ரொக்கமா கொடுத்தா கடைசி விலை என்ன?" அதைப் போனில் குறித்துக்கொள். இன்னொரு நாள் பழசைக் கொண்டுபோய், "இதை மட்டும் எடுத்துக்கிட்டா எவ்வளவு தருவீங்க?" என்று கேள். இரண்டு விலையும் கைக்கு வந்த பிறகுதான் எக்ஸ்சேஞ்ச் பேச்சே. கடைக்காரருக்கும் வாடகை இருக்கிறது, லாபம் வைக்கத்தான் செய்வார், அதில் தப்பில்லை. எவ்வளவு வைக்கிறார் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, பேட்டைப் பக்கத்துப் பழைய கடைகளில் மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு நாலு மணிக்குத்தான் ஏற்றுவார்கள். வெயிலில் போய் நிற்காதே.

பழசு வாங்குவதானால் ஜூனா பஜார் இருக்கிறது. மங்கள்வார் பேட்டையில் புதன், ஞாயிறுகளில் கூடும். பித்தளைக் குழாய், பழைய டிரில் மெஷின், ஓடாத கடிகாரம் இவற்றுக்கு நடுவே என்றைக்காவது ஒரு கிட்டார் சாய்த்து வைத்திருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே பளபளவென்று ஒன்றைப் பார்த்தேன். "தாதா, ஃபைனல் கிதி?" என்று மராத்தியில் கடைசி விலை கேட்டதும் 1,200 என்றார். ஆசையாகத்தான் இருந்தது. பையிலிருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து பிரிட்ஜுக்கு அடியில் நுழைத்துப் பார்த்தேன். பாதி டிக்கெட் உள்ளே போய்விட்டது. பிரிட்ஜ் பசை விட்டு எழும்பியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டீல் ஸ்ட்ரிங் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையோடு இழுக்கும். அந்த இழுப்பில் பிரிட்ஜ் ஒரு நாள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

டிக்கெட் சோதனையோடு இன்னும் சிலவற்றையும் பார்த்துவிடு. முதல் ஃபிரெட்டிலும் 14-வது ஃபிரெட்டிலும் தடித்த ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏழாவது ஃபிரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பார். விசிட்டிங் கார்டு கனம் இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் நெக் வளைந்திருக்கிறது. அந்த வளைவை உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் ட்ரஸ் ராடே இல்லாத மலிவு கிட்டாரை ஒன்றும் செய்ய முடியாது. பிறகு 12-வது ஃபிரெட்டில் ஸ்கேலை நிறுத்திப் பார். ஸ்ட்ரிங்குக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் 2 முதல் 3 மில்லிமீட்டர் இருக்கலாம். அதைத் தாண்டினால் விரல் நோகும். கற்றுக்கொள்ள ஆரம்பித்தவர்கள் பாதியில் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த வலியால்தான் என்பது என் எண்ணம். பாவம், தங்களுக்கு வாசிக்க வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நெக்கும் தலைப்பகுதியும் சேரும் இடத்தில், பின்பக்கம், நகத்தால் மெதுவாகத் தடவு. மயிரிழை போல ஏதாவது நகத்தில் தட்டினால் அது உடைந்து ஒட்டிய கிட்டார். பளபளப்பாகப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பார். போனில் ட்யூனர் ஆப் போட்டு, 12-வது ஃபிரெட்டுக்கு நேரே ஸ்ட்ரிங்கை லேசாகத் தொட்டு மீட்டு. பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டு. இரண்டும் ஒரே சுருதி காட்ட வேண்டும்.

"சாலிட் டாப்" என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். ஒலித்துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பார். மேலே தெரியும் மரவரி விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் அது முழுப் பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ப்ளைவுட். ப்ளைவுட் ஒன்றும் கேவலமில்லை, ஹாஸ்டல் அறைக்கு அதுதான் தாங்கும். ஆனால் முழுப் பலகைக்கான காசைக் கொடுக்காதே. இன்னொரு விஷயம், நைலான் ஸ்ட்ரிங் போடும் கிளாசிக்கல் கிட்டாரில் சத்தம் அதிகம் வேண்டுமென்று ஸ்டீல் மாட்டியிருந்தால் அதை வாங்கவே வாங்காதே. 40 கிலோ இழுப்புக்குச் செய்த உடம்பு அது.

யாரிடம் வாங்கினாலும் பில் கேள். பில் இல்லையென்றால் ஒரு தாளில் பெயர், போன் நம்பர், தேதி, விலை எழுதிக் கையெழுத்து வாங்கு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் நீயும் மாட்டுவாய். ஆன்லைனில் விற்கும்போது "க்யூஆர் கோடு அனுப்பறேன், ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்" என்று ஒருவர் சொன்னால் போனை வைத்துவிடு. யுபிஐயில் பணம் வருவதற்கு நாம் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. பின் போட்டால் நம் கணக்கிலிருந்து போகும், அவ்வளவுதான்.

விற்பதற்கும் வாங்குவதற்கும் பருவம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் கடைசி வருஷப் பிள்ளைகள் அறையைக் காலி செய்வார்கள். யமஹா எஃப் 310 மாதிரி ஊரறிந்த மாடலே அப்போது நியாயமான விலைக்கு வரும். ஃபெர்குசன், சிம்பயாசிஸ் பக்கத்து ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டுகளையும் வாட்ஸ்அப் குரூப்களையும் பார். விற்பதாக இருந்தால் ஜூலை, ஆகஸ்ட் வரை பொறு. புதுப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். புது ஸ்ட்ரிங் மாட்டி, உலர்ந்த துணியால் துடைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடு. கீறல் இருந்தால் அதையும் படமெடுத்துப் போடு. ஃபிரெட்போர்டு மினுங்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவாதே, சிக்குப் பிடித்துவிடும்.

அதுவரை மழையிலிருந்து காப்பாற்றுவது உன் வேலை. ஜூனில் மழை இறங்கினால் செப்டம்பர் வரை ஈரம்தான். மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், மேல்பலகை புடைக்கும். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போடு. வெளிச்சுவரில் சாய்க்காதே. 45-லிருந்து 55 சதவீதம் ஈரப்பதம்தான் கிட்டாருக்கு ஏற்றது. நம் பக்கத்துத் தோதகத்தி மரத்தைத்தான் இந்தியன் ரோஸ்வுட் என்று உலகமெங்கும் கிட்டாருக்கு வாங்குகிறார்கள். அந்த மரத்துக்கே இவ்வளவு பக்குவம் தேவைப்படுகிறது.

படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது விலை படியவில்லையென்றால், கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு வந்துவிடாதே. உன் மாடியிலேயே கற்றுக்கொள்ள ஆசைப்படும் ஒரு ஜூனியர் இருப்பாள். அவளிடம் கொடுத்து, வாசிக்க இரண்டு கார்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறு.