கையெழுத்துக்கு முன்னால் கேட்கவேண்டியவை

அன்புள்ள மலர்,

வண்டலூர் பக்கம் ஃபிளாட் பார்த்திருப்பதாக அண்ணி போனில் சொன்னார். ரொம்ப சந்தோஷம். நீ அனுப்பிய விளம்பரத்தையும் படித்தேன். நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ் எல்லாம் இருக்கிறது, யு.டி.எஸ். எவ்வளவு என்று எங்குமே இல்லை. முதலில் அதைக் கேள்.

மனையில் உனக்கு வரும் பிரிக்கப்படாத பங்குதான் யு.டி.எஸ். கட்டடத்தின் மதிப்பு வருடாவருடம் தேயும். நாற்பது வருடம் கழித்து இடித்துக் கட்டும்போது உனக்கு என்ன சேரும் என்பதை இந்தப் பங்குதான் தீர்மானிக்கும். இரண்டு கிரவுண்டு, அதாவது 4800 சதுர அடி மனையில் எல்லா வீடும் சேர்ந்து 9600 சதுர அடி என்றால், உன் 1000 சதுர அடி வீட்டுக்கு 500 சதுர அடி பங்கு வரவேண்டும். பத்திரத்தில் 380 என்றிருந்தால், மீதி யார் பெயரில் இருக்கிறது, எதற்கு என்று கேள். கேட்கக் கூச்சமே படாதே.

அவர்கள் சொல்லும் 1000 சதுர அடி சூப்பர் பில்ட்டப். மாடிப்படி, லிஃப்ட், நடைவழி எல்லாவற்றிலும் உன் பங்கைச் சேர்த்த கணக்கு அது. நீ புழங்கப்போவது கார்ப்பெட் ஏரியாவில். 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி அந்த அளவை அவர்கள் சொல்லியே ஆகவேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. "இன்றைக்கே இருபது சதவீதம் கொடுத்தால் விலையைக் குறைக்கிறோம்" என்றால் எழுந்து வந்துவிடு.

வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறதென்று நிம்மதி அடைந்துவிடாதே. பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். தாத்தா எழுதிய உயில் அதில் தெரியாது. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை கை மாறிய ஒவ்வொரு கிரயத்தையும், விட்டுப்போன வாரிசு யாராவது உண்டா என்பதையும் ஒரு வக்கீல் உட்கார்ந்து பார்க்கவேண்டும். பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போடுகிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்துவிட்டாரா என்றும் பார்க்கவேண்டும். "பேங்க் வக்கீலே பார்த்துவிட்டார்" என்பார்கள். நான் வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்த்தவள். அந்த வக்கீல் பார்ப்பது வங்கியின் பணத்துக்கு ஆபத்து உண்டா என்பதை. உனக்கென்று தனியாக ஒருவரை வை. அந்த ஃபீஸில் சிக்கனம் வேண்டாம்.

கடனுக்கு வருகிறேன். 30 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 26,000. முதல் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது ஐயாயிரம்கூட இல்லை. கடைசியில் நீ கட்டியிருப்பது 62 லட்சத்துக்கு மேல். அதனால் மாறும் வட்டியில் வாங்கு. அதில் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. ஆரம்ப வருடங்களில் வரும் போனஸை அப்படியே அசலில் கட்டு. வட்டி ஏறும்போது தவணையை ஏற்றாமல் வருடங்களை நீட்டிவிடுவார்கள்; வருடத்துக்கு ஒருமுறை கணக்கு அறிக்கையை வாங்கிப் பார். முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக்கும் பொதுவாகக் கடன் கிடைக்காது, அதைக் கையில் தனியாக வைத்துக்கொள்.

தாய்ப்பத்திரம், பட்டா, அனுமதி வரைபடம் மூன்றின் நகலையும் வாங்கி எனக்கு அனுப்பு. நான் பார்த்துவிட்டுப் பேசும்வரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
அத்தை