பிழிந்தும் மொறுமொறுக்கும் முட்டைக்கோஸ்

மாணவர்களே, பினாங்கு நோன்யா விருந்துகளில் அச்சார் சாப்பிட்டிருப்பீர்கள். முட்டைக்கோஸ், வெள்ளரிக்காய், கேரட் துண்டுகளில் உப்பைப் பிசறி, நீரைப் பிழிந்த பிறகே மசாலாவும் வேர்க்கடலையும் சேர்ப்பார்கள். நீர் போன பிறகும் அது மொறுமொறுக்கிறதே, எப்படி?

100 கிராம் முட்டைக்கோஸில் சுமார் 92 கிராம் நீர். அந்த நீர் உயிரணுச் சுவரை உள்ளிருந்து அழுத்துவதால் இலை விறைப்பாக இருக்கிறது. வெளியே உப்பு மிகுந்தால், நீர் உயிரணுச் சவ்வைக் கடந்து வெளியேறும். இதுவே சவ்வூடு பரவல்.

விறைப்பு குறைந்தாலும், செல்லுலோஸும் பெக்டினும் கொண்ட சுவர் சிதையாமல் இருக்கும். மொறுமொறுப்பைத் தருவது அதுதான். நெடுநேரம் வேகவைத்தால் பெக்டின் கரைந்து, காய் குழைந்துவிடும்.

செய்து பாருங்கள்: இரு கிண்ணங்களில் தலா 100 கிராம் நறுக்கிய முட்டைக்கோஸ் எடுங்கள். ஒன்றில் மட்டும் அரைத் தேக்கரண்டி உப்பைப் பிசறுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் வடிகட்டி, நீரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

சிந்திக்க: திறந்த இல்ல உபசரிப்புக்குப் பச்சை முட்டைக்கோஸ் சாலட் செய்கிறீர்கள். பிழியப் போவதில்லை. உப்பைக் காலையிலேயே சேர்ப்பீர்களா, பரிமாறும்போதா? காரணத்தையும் எழுதுங்கள்.