மறைத்து வைத்த பெயர்

அன்புள்ள கயல்,

பள்ளி நாடகத்துக்கு வசனம் முழுவதும் நீ எழுதியும் அழைப்பிதழில் உன் பெயர் இல்லையாமே. அம்மா சொன்னாள். உன் வருத்தம் நியாயமானதுதான், கண்ணு. அதைக் கேட்டதும் தன் பெயரைத் தானே மறைத்துக்கொண்ட ஒருவர் என் நினைவுக்கு வந்தார்.

வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் 1870இல் மதுரையை அடுத்த விளாச்சேரியில் பிறந்தவர். தந்தையிடம் வடமொழியும் சபாபதி முதலியாரிடம் தமிழும் கற்றார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, அங்கேயே தமிழாசிரியரும் ஆனார். அவருடைய புலமையை வியந்து 'திராவிட சாஸ்திரி' என்று பட்டம் தந்தவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. ஏட்டுச் சுவடிகளோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டிய அவர் வாயால் வந்த பாராட்டு என்பதால், எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது.

ஆங்கிலத்தின் பதினான்கு அடிப் பாட்டைச் சாஸ்திரியார் தமிழில் எழுதிப் பார்த்தார். ஆளைப் பார்க்காமல் பாட்டை மட்டும் பார்த்து மதிப்பிடட்டும் என்று புனைபெயரில் வெளியிட்டார். சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர்: பரிதிமாற் கலைஞர். அந்தப் பாடல்களை ஜி.யு. போப் ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

நாடகம் எழுதுகிறவள் நீ என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 'ரூபாவதி', 'கலாவதி', 'மானவிஜயம்' என்று நாடகங்கள் எழுதியதோடு, 'நாடகவியல்' என்று நாடகத்துக்கே தனி இலக்கணமும் செய்தார். 'மானவிஜயம்' உனக்குப் பிடிக்கும். சிறையில் தாகத்தால் தவித்தும், மதிப்பில்லாமல் தந்த தண்ணீரைத் தொடாத சேர மன்னனின் கதை அது. நீ எழுதிய வசனத்தையும் அந்த நாடகத்தையும் அருகருகே வைத்துப் பார். மன்னனை எங்கே பேச விடுகிறார், எங்கே வாயடைக்க வைக்கிறார் என்று கவனி.

பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து தமிழை நீக்கும் பேச்சு எழுந்தபோது மு.சி. பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து எதிர்த்து நின்றார். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று 'தமிழ்மொழியின் வரலாறு' நூலில் வாதிட்டார். 1903 நவம்பரில் காலமானபோது வயது 33தான். நடுவண் அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்தது 2004இல்! அவருடைய நூல்கள் 2006இல் நாட்டுடைமை ஆயின. 2007இல் அஞ்சல்தலை வந்தது. மறைந்துகொள்ள வைத்த பெயரால்தான் இன்று ஊரே அவரை அறிகிறது.

விடுமுறைக்கு வா. விளாச்சேரியில் அவர் நினைவு இல்லத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஊர்க் கொலு பொம்மை ஒன்றும் வாங்கி வருவோம். உன் நாடகத்தின் கையெழுத்துப் படியை மறக்காமல் எடுத்து வா. எனக்கு முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
மாமா