பர்மா அரிசி நின்றபோது

போர் எங்கோ நடப்பது என்று நினைக்கிறோம். இரண்டாம் உலகப் போர் (1939–45) நம் கடைத் தராசு வரை வந்தது.

அந்நாளில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பர்மா அரிசி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அரிசி வரத்து நின்றது. ராணுவச் செலவால் பணப்புழக்கம் பெருகியது, சரக்கோ குறைந்தது. பதுக்கலும் சேர்ந்துகொள்ள, 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மடிந்தனர்.

போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. சென்னை ராஜ்யத்தில் 1952-ல்தான் ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். போர்க்கால ஆணைகளின் தொடர்ச்சியாக 1946-ல் தற்காலிகச் சட்டமும், 1955-ல் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டமும் வந்தன. நம் இருப்புக் கணக்கின் வேர் அங்கேதான்.

திருவண்ணாமலையில் எங்கள் பாட்டனார், "பஞ்சத்தில் விற்ற விலையை ஊர் மறக்காது" என்பார். 2022-ல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியபோது, டின்களை நிறுத்தி வைக்க எங்களுக்கும் ஆசை வந்தது. பாட்டனார் சொல் தடுத்தது. வாடிக்கைக் கடைகளுக்கு அளவாகப் பிரித்துக் கொடுத்தோம். லாபம் குறைந்தது, அந்தக் கடைகள் இன்றும் எங்களிடமே வருகின்றன.

நாம் கற்க வேண்டியவை:

1. ஒரே இடத்துச் சரக்கை நம்பி இருக்கக் கூடாது.

2. ஏறும் விலையில் கடன் வாங்கிச் சரக்குப் பிடிக்கக் கூடாது. இறங்கினால் முதலும் போகும்.

3. தட்டுப்பாட்டில் பகிர்ந்து கொடுக்க வேண்டும்.

சரக்கு தீர்ந்தால் மறுபடி வாங்கலாம். பெயர் போனால் வாங்க மண்டி இல்லை.