இரண்டு கொட்டாங்குச்சி போதும்

கேள்வி: வீட்டுக்காரர் விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிவிடுகிறார். ஒன்றரை வயது மகனைப் பகல் முழுக்க எப்படிச் சமாளிப்பது? செல்போன் கொடுத்தால்தான் அடங்குகிறான்.
– வாசகி ஒருவர், கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: அந்த வயதில் அடங்கினால்தான் கவலைப்பட வேண்டும், அம்மா! இரண்டு வயதுவரை திரையே வேண்டாம், நாளுக்கு 3 மணி நேரமாவது ஓடியாடட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லிவிட்டது.

அகலத் தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர், இரண்டு கொட்டாங்குச்சி, ஒரு டீ வடிகட்டி. மொண்டு மொண்டு ஊற்றியே பொழுதை ஓட்டுவான். தரை நனையும், நனையட்டும். நீங்கள் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது, முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாளித் தண்ணீரே இந்த வயதுக்கு ஆபத்து. முருங்கைக்கீரை ஆயும்போது அவனுக்கும் ஒரு கொத்து கொடுங்கள். பாதி இலை கீழேதான் போகும்.

பல்லாங்குழிப் புளியங்கொட்டை இப்போது வேண்டாம், வாயில் போடுவான். நம் பக்கத்துப் பன்னீர் திராட்சையும் முழுசாக இருந்தால் தொண்டையை அடைக்கும். நீளவாக்கில் நறுக்கி, விதையெடுத்துக் கொடுங்கள்.

இரண்டு வயது முடிந்ததும் அங்கன்வாடி இருக்கிறது. இப்போதே ஒரு நடை போய் விசாரித்து வையுங்கள்.