உப்பு ஊரில் வளரும் பிள்ளைக்கு

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. சின்னவனுக்கு அடுத்த மாதம் ஆறு மாதம் நிறைகிறது, அதோடு நீயும் மறுபடி உப்பளத்துக்குப் போகப் போகிறாய் என்று சொன்னாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன். இந்தக் கடற்கரை ஊர்களில் செவிலியாக வேலை பார்த்தவள் சொல்வதாக எடுத்துக்கொள். உன் மாமியாருக்கும் இதை வாசித்துக் காட்டு. நீ பாத்தியில் நிற்கும் நேரத்தில் பிள்ளை அவர் மடியில்தான் இருக்கப் போகிறது.

பிள்ளைக்கு வரும் நோய்களில் இப்போது நீ அதிகம் கவனிக்க வேண்டியது வயிற்றுப்போக்கு. இதுவரை உன் பாலே அவனுக்குச் சாப்பாடும் தண்ணீரும் காப்புமாக இருந்தது. இனி பாலோடு வேறு சாப்பாடும் தொடங்கும், தண்ணீர் கொடுப்பீர்கள், அவனும் தவழ்ந்து கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைப்பான். பங்குனி, சித்திரை வெயிலில் உப்பு நன்றாக விளையும்போதுதான் நம் பக்கம் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரும். எல்லாம் ஒரே நேரத்தில் கூடுவதால் முன்கூட்டியே தயாராக இரு.

ஆறு மாதம் நிறையும் நாள் வரை தாய்ப்பால் மட்டும் போதும். எவ்வளவு வெயில் அடித்தாலும் தண்ணீர் வேண்டாம். கிரைப் வாட்டர், உரை மருந்து, தேன் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்குமே ஆகாது. விடியுமுன் வேலைக்குக் கிளம்பும்போது பால் கொடுத்துவிட்டுப் போ. மிச்சத்தைச் சுத்தமான கிண்ணத்தில் பீச்சி மூடி வைத்தால், உன் மாமியார் பாலாடையால் ஊட்டலாம். வெளியில் வைத்த பால் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வெயில் நாளில் அதற்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். பால் புட்டியை வீட்டுக்குள் கொண்டுவராதே. அதன் ரப்பர் முனையை நம் வீட்டுத் தண்ணீர் வசதியில் சுத்தமாக வைப்பது கடினம்.

குழாயில் வந்தாலும் லாரியில் வாங்கினாலும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, மூடி வை. குடத்துக்குள் கை போகக் கூடாது, நீளக் காம்புள்ள அகப்பையால் மொண்டு எடுங்கள். பிள்ளைக்குக் கழுவிவிட்ட பிறகும், ஊட்டுவதற்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தண்ணீர் விலைக்கு வாங்கும் ஊரில் கை கழுவுவதில் சிக்கனம் பார்க்கத் தோன்றும். அந்தச் சிக்கனத்தை வேறு எதிலாவது வைத்துக்கொள்.

இவ்வளவு பார்த்தும் ஒருநாள் பிள்ளைக்கு வயிற்றால் போகலாம். அப்போது செய்ய வேண்டியதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள். பேதியில் உயிரைப் பறிப்பது, உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுவதுதான். அதனால் போனதை உடனுக்குடன் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீரைக் கொடுத்தால் போதாது. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். அந்தச் சர்க்கரையோடு உப்பு உள்ளே போகும், உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும்.

இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோரப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் மருந்து தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். பக்கத்திலிருந்த தாய்மாரையும் உறவினரையுமே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அந்த மருந்துதான் இன்று உங்கள் ஊர்ச் செவிலியர் இலவசமாகத் தரும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். இப்போதே இரண்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்.

உப்பள ஊரான வாலிநோக்கத்தில் இருக்கும் உனக்கு ஒரு காரியத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஓ.ஆர்.எஸ். பொடியை உவர்ப்புத் தண்ணீரில் கலக்கவே கூடாது. போர்வெல் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. அதில் கலந்தால் அளவு மீறி, பிள்ளையின் ரத்தத்தில் உப்பு ஏறிவிடும். பாத்தியில் எத்தனை டிகிரி வந்தால் உப்பு கட்டும் என்று பார்த்துத்தானே வேலை செய்கிறீர்கள்? பிள்ளையின் உடம்பும் அப்படித்தான் அளவு பார்க்கும். காய்ச்சி ஆறிய நல்ல தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட் முழுவதும். கடையில் 200 மில்லிக்கான சிறு பாக்கெட்டும் உண்டு, அதனால் மேலே எழுதியிருப்பதைப் படித்துக் கலக்கு. பாதிப் பொடி போட்டுக் குத்துமதிப்பாகக் கலக்க வேண்டாம், மேற்கொண்டு உப்போ சீனியோ சேர்க்கவும் வேண்டாம். ஒருநாள் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை, கரண்டி கரண்டியாகக் கொடு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடு. கூடவே துத்தநாக மாத்திரையும் தருவார்கள். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் என்று பதினான்கு நாள். பேதி நின்ற பிறகும் நிறுத்தாதே. பேதியை நிறுத்தும் மாத்திரையையோ ஆன்டிபயாட்டிக்கையோ மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்காதே. ஓ.ஆர்.எஸ். வாங்கும்போதும் கவனம் வேண்டும். பழச்சாறு போல டப்பாவில் விற்ற இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையே போட்டுக்கொண்டிருந்தன. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியதில், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடுவதைத் தடுத்தது. சர்க்கரை கூடிய பானம் பேதியை அதிகமாக்கும்.

பேதியின்போது பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதே. வயிற்றைக் காயப்போட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பாசத்தில்தான், ஆனால் பிள்ளைக்கு அப்போதுதான் தெம்பு அதிகம் வேண்டும். உச்சிக்குழி உள்வாங்கினால் உச்சி விழுந்தது என்பார்கள், குடல் தட்டச் சொல்வார்கள். உச்சிக்குழி இறங்குவது உடம்பில் தண்ணீர் வற்றியதைக் காட்டும் அடையாளம். பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துக் குடல் தட்டினால் அது சரியாகாது. வேண்டுதலும் மந்திரிப்பும் உங்கள் நம்பிக்கை, நான் குறுக்கே நிற்க மாட்டேன். மருந்தைக் கொடுத்துவிட்டு அதைச் செய்யுங்கள்.

கண் குழிந்து, பால் குடிக்க முடியாமல், சோர்ந்து கிடந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டதும் மெதுவாகத் திரும்பினால், மலத்தில் ரத்தம் வந்தால், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டால் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதே. 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடு. போகும் வழியெல்லாம் ஊட்டிக்கொண்டே போ.

தடுப்பூசி அட்டையை ஒருமுறை எடுத்துப் பார். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் கொடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மூன்றும் விழுந்திருக்கிறதா? குழந்தைகளுக்கு வரும் கடும் பேதிக்குப் பெரிய காரணம் அந்தக் கிருமிதான். அடுத்து ஒன்பது மாதத்தில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி.

ஆறு மாதம் நிறைந்ததும் குழைத்த பருப்புச் சாதம், அங்கன்வாடி சத்துமாவு, மசித்த முட்டை, முள் சுத்தமாக நீக்கிய மீன் என்று ஒவ்வொன்றாகப் பழக்கு. ஒரு வயது வரை அவன் சோற்றில் உப்பும் சீனியும் போடாதே. அவன் சிறுநீரகம் அவ்வளவு உப்பைத் தாங்காது. கருவாடும் அதனால்தான் ஆகாது. நீங்கள் பாத்தியிலிருந்து கொண்டுவரும் கல்லுப்பில் அயோடின் கிடையாது. உன் பாலில் அயோடின் இருந்தால்தான் அவன் மூளை நன்றாக வளரும், அதனால் உங்கள் சமையலுக்கு அயோடின் உப்பையே வாங்கு. உங்கள் ஊரில் உப்பளம் நடத்தும் தமிழ்நாடு உப்பு நிறுவனமே அதைத் தயாரிக்கிறது.

மகளே, வேலைக்குப் போவதில் உனக்குக் குற்றவுணர்வு வேண்டாம். உன் கூலியும் பிள்ளையின் நலத்தில் சேர்ந்ததுதான். முதல் நாள் கிளம்புவதற்கு முன்பு உன் மாமியாரோடு உட்கார்ந்து, ஒரு லிட்டர் பிடிக்கும் பாத்திரம் எது என்று அளந்து அடையாளம் வை. ஒரு பாக்கெட்டை அவர் கையாலேயே கலக்கச் சொல்லிப் பார். அகதி முகாமில் பெற்றவர்களும் உற்றவர்களும் செய்த அந்த வைத்தியத்தை அவர் இன்னும் நன்றாகவே செய்வார். பிள்ளை நூறு வயது நோய் நொடியில்லாமல் வாழ வேண்டும்.

அன்புடன்,
உன் பெரியம்மா