ஒயில் பில்டர்: தேர்வும் மாற்றும் முறையும்

மட்டக்களப்பிலிருந்து வாகரை வழியே திருகோணமலை செல்லும் ஏ-15 வீதியில் ஓடும் கார்களின் எஞ்சினைக் காப்பனவற்றுள் ஒயில் பில்டரும் ஒன்று. மசகெண்ணெயிற் கலக்கும் உலோகத் துகளையும் கரியையும் அது தடுத்து நிறுத்துகின்றது.

புரி பொருந்திய மாத்திரத்தே பில்டர் ஏற்றதெனக் கொள்ளலாகாது. வடிதாள் அடைபடின் எண்ணெயை நேரே செலுத்தும் வால்வு அதனுள் உண்டு. அது திறக்கும் அழுத்தம் எஞ்சினுக்கேற்ப வேறுபடும். ஆதலின் வண்டியின் கையேட்டிற் கண்ட இலக்கத்தையே நாம் கேட்டு வாங்குதல் வேண்டும்.

மாற்றுங்கால், பழைய றப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருப்பின் அகற்றுவோமாக. இரு வளையங்கள் சேர்ந்தால் எண்ணெய் பீறிட்டொழுகும். எண்ணெயற்ற எஞ்சின் நடுவழியில் இறுகி நின்றுவிடும். புதிய வளையத்திற் சிறிது எண்ணெய் பூசிக் கையாலேயே இறுக்குவோம். பின்னர் எஞ்சினை இயக்கிக் கசிவு நோக்கி, நிறுத்தி, எண்ணெய் மட்டத்தையும் அளந்தறிவோம்.